பழைய பிஸ்டலுக்குச் சின்ன ஸ்பிரிங் ஒன்று செய்து மாட்டிய கதை

குதிரையைப் பின்னால் இழுத்தேன், நிற்கவில்லை. கையை விட்டதும் முன்னால் போய் விழுந்தது. மறுபடி இழுத்தேன், இந்தத் தடவை நின்றது, ஆனால் பிஸ்டலைக் கொஞ்சம் சாய்த்ததும் திரும்ப விழுந்துவிட்டது. விசையும் ஆடுகிற பல் மாதிரி லொடலொடவென்று முன்னும் பின்னும் போய்வந்தது. ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு ராத்திரியே உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. (குழல் காலி என்று உறுதி செய்துகொண்டுதான் குதிரையைத் தொட்டேன். அதை எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன், தயவுசெய்து அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.) குதிரை என்று நான் சொல்வது பின்னால் இழுத்து வைத்து, விசையை அழுத்தினால் முன்னால் பாய்ந்து அடிக்கும் சுத்தியல் பகுதியை. இதற்கு நம்மிடம் ஏற்கெனவே இவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது வேறு எதற்கு.

நான் இருப்பது இங்கிலாந்தில், வுல்வர்ஹாம்ப்டன் பக்கம். பிஸ்டல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்படைக்குச் செய்தது. லாக், அதாவது குதிரையை இயக்கும் பொறி, அதன் தகட்டின் மேல் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களில் கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்க முத்திரை இருக்கிறது. 1639-ல் சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்களே, அதே கம்பெனி. சிறு வயதில் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இந்த மாதிரி ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று வீடு வரைக்கும் அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தவன் நான். அதனால் ஏலப் பட்டியலில் அந்தச் சிங்கத்தைப் பார்த்ததும் விட மனசு வரவில்லை. குழல் சுமார் 9 அங்குலம், கட்டை வால்நட் மரம். குழலில் மருந்தும் குண்டும் இடிக்கிற கம்பியைக் கீழே விழாதபடி கொண்டியில் கோத்திருக்கிறார்கள். ஓடுகிற குதிரையின் மேல் உட்கார்ந்து மருந்து இடிக்கிறவன் கம்பியைத் தவறவிட்டால் அவ்வளவுதான், அதற்காக.

இது சிக்கிமுக்கிக் கல் காலத்துக்கு அடுத்த வகை. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி 1807-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சின்னச் செம்புத் தொப்பி. குழலின் பின்பக்கம் இருக்கும் முளையில் அந்தத் தொப்பியை மாட்டுவார்கள், குதிரை வந்து அதை அடிக்கும், பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள். பிரிட்டனில் 1968-ம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 58-வது பிரிவு, பழம்பொருளான துப்பாக்கியை அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ வைத்திருந்தால் உரிமம் வேண்டாம் என்கிறது. சுடுவதற்கு என்று வைத்தால் அந்த விலக்கு போய்விடும். இந்தியாவில் கதை வேறு. 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாது என்கிற நிலையில் இருந்தால்தான். அதாவது தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, ஸ்பிரிங் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் அது விலக்குக்குள் வராது. அதை நீங்களாகக் கழற்ற உட்காராதீர்கள், முதலில் உரிமம் என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். என் பிஸ்டலை நான் சுடவில்லை, சுடப் போவதும் இல்லை. அதை முதலில் செய்தவர்கள் செய்த மாதிரியே உள்ளே எல்லாம் இயங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இப்போது குழல். வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகள் நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்தும் உள்ளே மருந்தும் குண்டுமாகக் கிடைப்பது உண்டு. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதில் வருஷக்கணக்கில் கெட்டுப்போகிற சரக்கு எதுவும் இல்லை. நனைந்தால் வேலை செய்யாது, காய்ந்தால் திரும்ப உயிர் வந்துவிடும். அதனால் மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்து, குழலின் வாயைத் தன்னை நோக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, குச்சியை முட்டும்வரை உள்ளே விடுங்கள். வாய் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு. குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே, கோடு வாய் விளிம்புக்கு நேராக வரும்படி வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, தொப்பி மாட்டும் முளை வரைக்கும் வந்தால் காலி. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். ஆணியை விட்டுத் தோண்டுவது, தீயில் காட்டுவது எதுவும் வேண்டாம். என்னுடையதில் குச்சி முளை வரைக்கும் போனது.

லாக் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் நோய் எங்கே என்று தானாகத் தெரியும். குதிரையின் அச்சு தகட்டின் உள்பக்கம் டம்ப்ளர் என்ற ஒரு கெட்டித் துண்டோடு சேர்ந்திருக்கும். டம்ப்ளரின் விளிம்பில் இரண்டு வெட்டுகள்: ஒன்று ஆழமானது, குதிரையைப் பாதி தூரம் இழுத்து நிறுத்தும் பாதி நிலைக்கு. இன்னொன்று மேலோட்டமானது, முழுக்க இழுத்து நிறுத்தும் முழு நிலைக்கு. சியர் என்கிற நெம்புகோலின் மூக்கு இந்த வெட்டில் போய் உட்கார்ந்து குதிரையைப் பிடித்து வைக்கும். சியரின் வாலை விசை மேலே தள்ளினால் மூக்கு வெட்டிலிருந்து விலகும், பெரிய மெயின் ஸ்பிரிங் குதிரையை முன்னால் வீசும். சியரின் மூக்கு எப்போதும் டம்ப்ளரை ஒட்டியே இருக்கும்படி வாலைக் கீழே அழுத்திக்கொண்டே இருப்பதுதான் சியர் ஸ்பிரிங், வி எழுத்தைப் படுக்க வைத்த மாதிரி ஒரு சின்னப் பட்டை. இது உடைந்தால் சியரைப் பிடிக்க ஆள் இல்லை. பிஸ்டலை நேராகப் பிடித்தால் வாலின் சொந்த எடையிலேயே மூக்கு ஏதோ கொஞ்சம் மாட்டும், சாய்த்தால் கழன்றுவிடும். அன்றைக்கு ராத்திரி எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். இந்த அறிகுறி இருந்தால் வேறு எதையும் சந்தேகப்படாமல் சியர் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

லாக்கை மரத்திலிருந்து எடுக்கும்போதுதான் நிறையப் பேர் கட்டையை உடைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு நீள ஸ்குரூ இருக்கும். அவற்றை முழுக்கக் கழற்றாதீர்கள். ஐந்தாறு சுற்று தளர்த்திவிட்டு, ஸ்குரூவின் தலையிலேயே ஸ்குரூட்ரைவர் கைப்பிடியின் பின்பக்கத்தால் மெதுவாக, ஒன்று மாற்றி ஒன்று தட்டினால் தகடு தன் குழியிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக எழும்பி வரும். தகட்டின் விளிம்பில் எதையாவது செருகி நெம்பினால் மரத்தின் ஓரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வரும், அதை எந்தப் பசையும் மறைக்காது. இன்னொன்று, குதிரையைப் பாதி நிலையில் வைத்துக்கொண்டு லாக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிரையின் வாய்க்குழி முளையைக் கவ்விக்கொண்டு விடாது. என்னுடையதில்தான் பாதி நிலையே நிற்காதே. அதனால் ஒரு கையால் குதிரையை முளைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் தகட்டை எடுக்க வேண்டியிருந்தது. முடிந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூட்ரைவர் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்கும் சாதாரண ஸ்குரூட்ரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்து வரும். அந்தக் காலத்து ஸ்குரூவின் பள்ளம் ஒடுங்கலானது, நேர்ச்சுவர் கொண்டது. ஆப்பு நுனி மேல் விளிம்பை மட்டும் பிடித்துத் திருப்பும், விளிம்பு பிய்ந்து போகும். நான் பழைய ஸ்குரூட்ரைவர்கள் மூன்றை எடுத்து, நுனியின் இரண்டு முகமும் இணையாக வரும்படி கல்லில் தேய்த்து, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அகலமும் கனமும் சரியாக இருக்கும்படி செய்துகொண்டேன். அதற்கே ஒரு சாயங்காலம் போனது. ஆனால் ஒரு ஸ்குரூவின் தலை கூடச் சேதமாகவில்லை. அந்த ஸ்குரூக்கள் கையால் மரை வெட்டியவை, ஒன்று போனால் கடையில் கிடைக்காது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகவும் போகாது. ஓர் அட்டையில் லாக்கின் படத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்குரூவும் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் துளை போட்டுக் குத்தி வைத்தேன்.

மெயின் ஸ்பிரிங்கை வெறும் இடுக்கியால் எடுக்க வேண்டாம். அதற்கென்று சின்ன ஸ்பிரிங் வைஸ் இருக்கிறது, விலை அதிகமில்லை. குதிரையை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்து, ஸ்பிரிங் சுருங்கியிருக்கும் அந்த நிலையில் வைஸை மாட்டி மெதுவாக இறுக்கிவிட்டுக் குதிரையை முன்னால் விட்டால், ஸ்பிரிங் வைஸோடு கையில் வந்துவிடும். இறுக்குவது போதும் என்று தோன்றியதற்கு மேல் ஒரு கால் சுற்று கூட வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இந்த வேலை முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டே செய்யுங்கள். உடைகிற ஸ்பிரிங் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே எல்லாம் பழுப்பு நிறத்தில் காய்ந்த எண்ணெய், வார்னிஷ் பூசின மாதிரி. அதை வொயிட் ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷாலும் மூங்கில் சீவலாலும் எடுத்தேன். அப்புறம்தான் சியர் ஸ்பிரிங் தெரிந்தது. வளைவில் இரண்டாக உடைந்து, கீழ்ப்பாதி சியருக்கும் தகட்டுக்கும் நடுவில் சும்மா கிடந்தது. உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாதி கறுப்பு, பாதி வெளிர்ச் சாம்பல். கறுப்பாக இருந்த பாதியில் விரிசல் எப்போதோ விழுந்து, அதில் எண்ணெயும் துருவும் ஏறியிருக்கிறது. மீதிப் பாதி ரொம்ப நாள் ஒற்றையாகத் தாங்கிவிட்டு ஒரு நாள் விட்டிருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான இந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் செய்தது, உதிரி பாகம் விற்கும் ஒரு கடையிலிருந்து வார்ப்பு ஸ்பிரிங் வரவழைத்தது. வந்தது. ஸ்குரூ துளைக்கும், தகட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டிய சின்ன முளைக்கும் இடையில் தூரம் சரியில்லை, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துப்பாக்கி லாக் வேலையில் பெரும் பங்கு நான் இருக்கும் இந்தப் பக்கத்தில்தான், டார்லஸ்டன், வெட்னஸ்பரி, வுல்வர்ஹாம்ப்டன் ஊர்களில், வீட்டோடு ஒட்டிய சின்னப் பட்டறைகளில் நடந்தது. ஒருவர் அடித்துக் கொடுப்பார், ஒருவர் அராவுவார், எல்லாம் கைவேலை. ஒரே மாதிரி இரண்டு லாக் பார்க்கக் கிடைத்தாலும் ஒன்றின் ஸ்பிரிங் இன்னொன்றில் உட்காரும் என்று நம்ப முடியாது.

அன்றைக்கு ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். தகட்டில் இருக்கும் பள்ளத்தை ஒரு மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் புது ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், பத்து நிமிஷ வேலை. ஊசி அரத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டூல்மேக்கர் ஒருவர் இருக்கிறார், வைஸ் இரவல் வாங்கப் போய்ப் பழக்கமானவர். அவரிடம் காட்டியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "இந்த இரண்டில் எதை உன்னால் திரும்பச் செய்ய முடியும்?" ஸ்பிரிங்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். சிங்க முத்திரை போட்ட அந்தத் தகட்டைச் செய்ய முடியாது. அரத்தை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இந்த வேலையில் நான் எடுத்த எல்லா முடிவும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான்: அரம் படுவது எப்போதும் புதுப் பொருளின் மேல் மட்டும்.

சரி, நாமே செய்வோம் என்று ஆனது. கத்தி செய்கிறவர்களுக்கு விற்கும் 1084 ரக ஸ்டீல், 6 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை வாங்கினேன். கரிமம் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நன்றாக இறுகும், விலையும் குறைவு. உடைந்த இரண்டு துண்டையும் அளந்து, வி-யை நேராக நீட்டினால் எப்படி இருக்குமோ அந்த வடிவத்தைப் பட்டையின் முகத்தில் கீறிக்கொண்டேன்: ஒரு முனையில் ஸ்குரூ போகிற வட்டக் கண், அங்கிருந்து நீண்டு மெலிந்து போகும் வால். முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டில் இதே வடிவம் வெட்டி மடித்து லாக்கில் வைத்துப் பார்த்ததில் வளைவின் இடம் 2 மி.மீ. தள்ளி வரவேண்டும் என்று தெரிந்தது. ஸ்டீலில் அந்தத் தப்பு நடந்திருந்தால் இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போயிருக்கும். பித்தளை மாதிரியை யாரும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

துளையை முதலில் போடுங்கள், பிறகு அறுங்கள், பிறகு அராவுங்கள். வளைவிலிருந்து நுனி வரைக்கும் கனம் படிப்படியாகக் குறைந்து வரவேண்டும். என்னுடையது வளைவில் 1.4, நுனியில் 0.8 மி.மீ. இப்படி மெலிந்தால்தான் அழுத்தும்போது வால் முழுக்கச் சமமாக வளையும். ஒரே கனமாக விட்டால் வளையும் வேலை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து அங்கே உடையும். கடைசி அராவல் எப்போதும் நீளவாக்கில். குறுக்கே விழுந்த ஒரு கீறல், கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும், அது விரிசலுக்குப் போட்டுக்கொடுத்த பாதை. 240, 400, 600, 1000 என்று எமரி பேப்பரை நீளவாக்கிலேயே இழுத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும். வளைவின் உள்பக்கத்தையும் வளைப்பதற்கு முன்பே தேய்த்துவிட வேண்டும், பிறகு பேப்பர் அங்கே நுழையாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் ஸ்பிரிங்கில் அந்த உள்பக்கத்தை நான் தேய்க்கவில்லை. நல்ல ஆரஞ்சுச் சிவப்பு வரும்வரை காய்ச்சி, 2 மி.மீ. இரும்புத் துண்டின் மேல் வைத்து மடித்தேன், மடிப்பு கத்தி முனையாக ஒடியாமல் சின்ன வட்டமாக வந்தது, அதுவரை சரி. திரும்பக் காய்ச்சி எண்ணெயில் போட்டேன், பதம் பார்த்தேன், வைஸில் வைத்து மெதுவாக அழுத்தினேன். பாதி தூரம் கூடப் போகவில்லை. சுள்ளி முறிகிற சத்தம். உடைந்த முகம் பூதக்கண்ணாடியில் சர்க்கரைப் பரல் மாதிரி மினுமினு என்று இருந்தது. நல்ல பதத்தில் தோய்த்த ஸ்டீல் உடைந்தால் பட்டுத்துணி போல மங்கலான சாம்பலாக, பரலே தெரியாமல் இருக்க வேண்டும். பரல் பெரிதாகத் தெரிந்தால் அளவுக்கு மேல் காய்ச்சிவிட்டோம் என்று அர்த்தம். அந்த உடைப்பு தொடங்கிய இடத்தில் ஒரு குறுக்குக் கீறலும் இருந்தது.

கோயம்புத்தூரில் என் தாய்மாமாவுக்கு லேத் பட்டறை. அன்றைக்கு ராத்திரி வீடியோவில் அவரைக் கூப்பிட்டு இரண்டு துண்டையும் கேமரா முன்னால் காட்டினேன். "எங்க வெச்சுக் காய்ச்சின மாப்ள?" என்றார். "வீட்டுக்குப் பின்னாலதாங்க மாமா, மத்தியானம்" என்றேன். "வெயில்ல நெறம் தெரியாது மாப்ள. உனக்குச் செவப்பாத் தெரியறப்ப அது எப்பவோ தாண்டிப் போயிருக்கும். நெழல்ல வெச்சுக் காய்ச்சு. பக்கத்துல காந்தம் ஒண்ணு வெச்சுக்க." அவர் பட்டறையில் இரும்புக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு அரை இருட்டில் உளிகளுக்குத் தோய்ச்சல் போடுவதை நான் பள்ளிக்கூட நாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த இருட்டு எதற்கு என்று அதுவரை கேட்டதில்லை. காந்தம் எதற்கு என்றால், இந்த ஸ்டீல் ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். ஒட்டாமல் போன பிறகு நிறம் இன்னும் ஒரே ஒரு படி ஏறியதும் எடுத்துத் தோய்த்துவிட வேண்டும். அதற்கு மேல் காய்ச்சினால் பரல் வளரும்.

இரண்டாவது ஸ்பிரிங்கைக் கராஜின் நிழலில், கதவைக் காற்றுக்காகப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அப்படியே செய்தேன். எண்ணெய் சமையல் எண்ணெய்தான், கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கி, மூடி போட்ட இரும்பு டப்பாவில். பிளாஸ்டிக் பக்கத்திலேயே வரக்கூடாது, எண்ணெய் பற்றினால் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. ஸ்பிரிங்கைப் படுக்கையாகப் போடாமல் விளிம்பு கீழே வரும்படி நேராக இறக்கினால் கோணாது. எடுத்து அரத்தை வைத்து இழுத்தால் அரம் வழுக்கியது, கண்ணாடியின் மேல் வழுக்குகிற மாதிரி. அந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். உடனே பதம் இறக்க வேண்டும், அதாவது கொஞ்சமாகத் திரும்பச் சூடாக்கி அந்த முறிகிற தன்மையைப் போக்க வேண்டும். இங்கே எனக்கு அவசரம். டார்ச் சுடரை நேராகக் காட்டினேன். மெலிந்த நுனி நீலமாகி, சாம்பலாகி, தாண்டிப் போனபோது கண் பக்கம் இன்னும் வைக்கோல் நிறத்தில் நின்றது. வைஸில் வைத்து அழுத்தினேன், உடையவில்லை, ஆனால் திரும்பியும் வரவில்லை. நுனி வளைந்தபடியே இருந்துவிட்டது.

மூன்றாவதை ஒரு வாரம் கழித்துத்தான் தொட்டேன். டூல்மேக்கர் சொன்ன வழி இது: தகர டப்பாவில் இரண்டு அங்குலம் உயரத்துக்குப் பித்தளைத் தூள், அடியில் நெருப்பு, ஸ்பிரிங் தூளின் மேல் பாதி புதைந்து இருக்கும். சூடு எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏறும். ஸ்பிரிங்கை அதற்கு முன்னால் திரும்ப எமரியில் பளபளப்பாகத் தேய்த்துவிட வேண்டும், கறுப்பு மேல் நிறம் தெரியாது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வெளிர் மஞ்சள் ஓடியது, 230 டிகிரி பக்கம். வைக்கோல் நிறம் கருத்து, பழுப்பாகி, 280-க்குக் கத்தரிப்பூ நிறம், 300 பக்கம் நல்ல நீலம். கண் முதல் நுனி வரைக்கும் ஒரே நீலமாக அது மாறின அரை நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன், மயில் கழுத்து நிறம். கத்தி, உளி என்றால் இதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்குக்கு நீலம் மங்கிச் சாம்பல் எட்டிப் பார்க்கும் வரை விட்டேன், பிறகு எடுத்து ஓர் இரும்புத் துண்டின் மேல் தானாக ஆறவைத்தேன். உருக்கிய ஈயத்தில் வைத்துப் பதம் இறக்கும் பழைய முறையும் உண்டு, ஈயம் 327 டிகிரியில் உருகும் என்பதால் சூடு தானாகவே சரியாக வரும். ஈயப் புகைக்கு வீட்டில் இடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

சோதனை இப்படி: துணி போர்த்தி, வைஸில் வைத்து, லாக்கில் எவ்வளவு சுருங்கியிருக்குமோ அதற்குக் கொஞ்சம் மேலேயே அழுத்தி விட்டேன். திரும்பி வந்தது. இருபது தடவை. பிறகு அழுத்தின நிலையிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வெர்னியர் வைத்து அளந்தேன். முந்தின நாள் வி-யின் வாய் அகலம் 11.2 மி.மீ., காலையிலும் 11.2. காப்பி போடக்கூட மறந்துபோய் அதைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன்.

லாக்கில் பொருத்தும்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். சின்ன முளை தகட்டின் பள்ளத்தில் விரலால் அழுத்தினாலே உட்கார வேண்டும், ஸ்குரூவை இறுக்கி இழுத்து உட்கார வைக்கக்கூடாது. வால் தகட்டின் மேல் உரசாமல், ஒரு தாள் நுழைகிற இடைவெளியில் போகவேண்டும். நுனி சியரின் மேல் வழுக்க வேண்டும், குத்தக்கூடாது, அதனால் நுனியை உருட்டி மெருகேற்ற வேண்டும். இந்த மூன்றுக்கும் நான்கு தடவை கழற்றி மாட்டினேன், ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கை மட்டும்தான் கல்லில் தேய்த்தேன். சியரின் மூக்கையோ டம்ப்ளரின் வெட்டுகளையோ "கொஞ்சம் ஸ்மூத் பண்ணலாம்" என்று தோன்றும், தொடவே தொடாதீர்கள். அவை உள்ளே மெதுவான இரும்பு, மேலே மட்டும் மெல்லிய கடினத் தோல். அரம் பட்டால் தோல் போய்விடும், அப்புறம் மூக்கு ஒரு மாதத்தில் தேய்ந்து குதிரை தானாக விழத் தொடங்கும்.

குதிரையை இழுத்தேன். பாதி நிலையில் ஒரு க்ளிக், கனமாக. இன்னும் இழுத்தால் முழு நிலையில் இன்னொன்று, கொஞ்சம் மெல்லிசாக. பாதி நிலையில் விசையை நன்றாக அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தேன், குலுக்கினேன், நின்றது. குதிரையை விடும்போது முளையின் மேல் ஒரு தோல் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், வெறும் முளையில் அடித்தால் இரண்டுமே சேதமாகும். பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், அதற்காகத் திரும்பத் திரும்ப அடித்துக் காட்டவும் வேண்டாம்.

எண்ணெய், உராயும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு, அவ்வளவு போதும். மிச்ச எண்ணெய் மரத்தில் இறங்கினால் லாக் குழியின் ஓரம் ஊறி மெத்தென்று ஆகிவிடும். வெளியே பழுப்பேறிய நிறத்தை நான் தொடவில்லை, சிவப்புத் துரு இருந்த இரண்டு இடத்தை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன். மேலே மெல்லிய மெழுகு, பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவாக்கின ரெனசான்ஸ் வேக்ஸ்தான். மரத்துக்கும் இரும்புக்கும் அதே போதும்.

இரும்பாணி வைத்துத் தட்டுகிற வேலை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதைத் தோய்ப்பதற்கு முன்னாலேயே செய்திருந்தேன். ஸ்பிரிங்கின் வட்டக் கண்ணில், தகட்டைப் பார்க்கும் பக்கத்தில், என் பெயரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறேன். வெளியிலிருந்து தெரியாது. லாக்கைத் திறந்து அந்த ஒரு ஸ்குரூவைக் கழற்றுகிறவருக்கு மட்டும் தெரியும், இது கம்பெனிக்காரன் வைத்தது இல்லை, பின்னால் வந்த ஒருவன் செய்தது என்று. உடைந்த பழைய ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகளும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பிஸ்டலோடு அதே பெட்டியில் இருக்கின்றன. கூடவே ஒரு சீட்டு: என்ன ஸ்டீல், எந்த நிறத்தில் இறக்கினேன், எந்த நாள். பித்தளை மாதிரியையும் அதோடு போட்டு வைத்திருக்கிறேன், அடுத்து யாருக்காவது அளவு தேவைப்படும்.